முளைத்தது எத்தனை? பிழைத்தது எத்தனை?

மூலிகைச் செடிகளின் விதைகளையும், பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் பொருள்களைத் தரும் செடிகளின் விதைகளையும் நன்கு முளைக்கச் செய்வது எப்படி என்பது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் துண்டு வெளியீடுகளும் ஆண்டுதோறும் வந்தவண்ணம் உள்ளன. வேம்பு, அமுக்கரா, சர்ப்பகந்தி, நிலவாகை, செங்காந்தள், பைரித்ரம் எனச் செடியின் பெயர் மாறுமேயன்றி, கட்டுரையின் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. சில விதைகளை ஜிப்பெரெல்லிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பார்கள். சிலவற்றைக் கந்தக அமிலத்தில் நனைப்பார்கள். சிலவற்றை வெந்நீரிலோ சாணக் கரைசலிலோ இளநீரிலோ இடுவார்கள். பிறகு ஈரமான வடிதாள் விரித்த கண்ணாடித் தட்டில் பரப்பி, மூன்று வாரம் எண்ணுவார்கள். இறுதியில் ஓர் அட்டவணை. அதில் எந்த எண் பெரிதோ அந்த முறையே சிறந்தது என்று முடிவு கூறப்படும்.

இந்த ஆய்வுகள் தேவையற்றவை என்பது நம் கருத்தன்று. இந்தியாவில் மருந்துக்குப் பயன்படும் செடியினங்களில் பெரும்பாலானவை இன்றும் காடுமேடுகளிலிருந்தே பறித்துவரப்படுகின்றன. வேருக்காகப் பிடுங்கப்படும் செடி மீண்டும் தழைப்பதில்லை. காட்டைக் காப்பதற்கு ஒரு வழி, அச்செடிகளை வயலில் பயிரிடுவது. பயிரிட வேண்டுமாயின் விதை முளைத்தாக வேண்டும். ஆகவே, இந்த அட்டவணைகளை நம்பி விதைப்பவர் ஒரு பருவ உழைப்பையே பணயம் வைக்கிறார். அவ்வளவு பொறுப்பு வாய்ந்த அட்டவணையை நாம் எப்படிப் படிக்க வேண்டும்? அதில் எதைத் தேட வேண்டும்? அதையே இங்கு ஆராய்வோம்.

முளைப்பு என்பது எது?

விதையைச் சோதிப்பது ஒரு முறையான கலையாக வளர்ந்தது 1869-இல். அவ்வாண்டு ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் தாரண்ட் என்னும் ஊரில் ஃபிரீட்ரிக் நோபே முதல் விதைச் சோதனை நிலையத்தை நிறுவினார். பன்னாட்டு விதைச் சோதனைக் கழகம் 1924-இல் தோன்றியது. இக்கழகத்தின் விதிப்படி, முளைவேர் எட்டிப்பார்த்தால் மட்டும் அது முளைப்பாகாது. வேர், தண்டு, வித்திலை ஆகிய இன்றியமையாத உறுப்புகள் தோன்றி, நல்ல மண்ணில் இது முழுச் செடியாகும் என்று சொல்லத்தக்க நிலைக்கு நாற்று வந்திருக்க வேண்டும். கோணல் நாற்றும், வேர் கருகிய நாற்றும் கணக்கில் சேரா.

உடலியல் ஆய்வாளரின் வரையறையோ வேறு. விதையுறையைப் பிளந்துகொண்டு முளைவேர் வெளிவந்த கணமே அவருக்கு முளைப்பு நிறைவுற்றது. இரண்டு வரையறைகளும் தத்தம் இடத்தில் சரியானவையே. ஆனால் முதல் வரையறைப்படி 50 விழுக்காடு என்று வரும் விதைக் குவியல், இரண்டாம் வரையறைப்படி 80 விழுக்காடு என்றும் வரக்கூடும். கட்டுரை எந்த வரையறையைக் கொண்டது என்று கூறாவிடில், அந்த எண்ணால் உழவருக்குப் பயனில்லை.

இதில் ஜிப்பெரெல்லிக் அமிலத்தின் கதை நல்ல பாடம். ஜப்பானிய உழவர்கள் 'பகானே' என்றொரு நெல் நோயை அறிந்திருந்தனர். 'மூட நாற்று' என்பது அதன் பொருள். நோயுற்ற நாற்று அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து, வலுவிழந்து சாயும். அந்நோயை உண்டாக்கும் காளான் வெளிவிடும் ஒரு பொருளே இவ்வாறு செய்கிறது என்று 1926-இல் குரோசாவா காட்டினார். 1935-இல் யாபுதா அப்பொருளுக்கு ஜிப்பெரெல்லின் என்று பெயரிட்டார். விதையின் உறக்கத்தைக் கலைக்க இன்று நாம் பயன்படுத்துவது இதே பொருளைத்தான். அளவு மிகுந்தால் மூலிகை நாற்றும் மூட நாற்றாகும். அட்டவணையில் 'நாற்றின் உயரம் கூடியது' என்று பெருமையாகச் சொல்லப்படுவது சில வேளைகளில் குறையாகவே இருக்கலாம். நாற்றின் தண்டுத் தடிப்பு, வேர் நீளம், உலர் எடை ஆகியவற்றையும் அளந்தாலன்றி உயரம் மட்டும் வலிமைக்குச் சான்றாகாது.

எதனோடு ஒப்பிட்டார்கள்?

ஜிப்பெரெல்லிக் அமிலக் கரைசலில் 24 மணி நேரம் ஊறிய விதையை, ஊறவே வைக்காத உலர் விதையோடு ஒப்பிடும் கட்டுரைகள் உள்ளன. இதில் இரண்டு வேறுபாடுகள் கலந்துவிட்டன. ஒன்று அமிலம், மற்றொன்று நீர். நீரில் ஊறுவதாலேயே பல விதைகள் விரைந்து முளைக்கும். விதையுறையில் இருக்கும் முளைப்புத் தடைப்பொருள்கள் கரைந்து வெளியேறவும் கூடும். ஆகையால் உலர் விதை ஒரு தொகுதி, வெறும் நீரில் அதே நேரம் ஊறிய விதை ஒரு தொகுதி, கரைசலில் ஊறியது ஒரு தொகுதி என மூன்றும் இருந்தால்தான் பலன் எதனுடையது என்பது விளங்கும்.

சாணக் கரைசலுக்கும் இளநீருக்கும் இதே நியாயம் பொருந்தும். இளநீரில் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருள் இருப்பது உண்மையே. 1941-இல் வான் ஓவர்பீக்கும் அவருடைய துணைவர்களும் ஊமத்தையின் இளம் முளைக்கருக்களைத் தேங்காய் நீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினர். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் முளைக்கரு வளர்ந்தது என்பதைக் கொண்டு, இளநீரில் நனைத்த எந்த விதையும் நன்றாக முளைக்கும் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. நீரில் ஊறிய தொகுதியை விட இளநீரில் ஊறிய தொகுதி மேலாக இருந்ததா? இந்தக் கேள்விக்கு விடை இல்லையேல், நாம் வாங்கிய இளநீர் வீண் செலவாகவும் இருக்கலாம்.

உயிருள்ள விதை எத்தனை?

நூறு விதைகளில் 54 முளைத்தன என்று வைத்துக்கொள்வோம். இதை உயர்த்த வேண்டும் என்று ஆய்வாளர் பல வேதிப்பொருள்களைத் தேடிப் போகிறார். ஆனால் முளைக்காத 46 விதைகளையும் கத்தியால் பிளந்து பார்த்தால், 40 விதைகளுக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரியவருகிறது. அப்படியானால் உள்ளீடு உள்ள 60 விதைகளில் 54 முளைத்துள்ளன. அதாவது 90 விழுக்காடு. இங்கே உறக்கம் என்று எதுவும் இல்லை. செய்ய வேண்டியது பதர் நீக்குவதே.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் நிலைமை கற்பனையன்று. சர்ப்பகந்தியின் கல் போன்ற கொட்டைகளில் உள்ளீடற்றவை நிறைய உண்டு. உப்பு நீரில் இட்டு, மிதப்பவற்றை ஒதுக்கி, மூழ்குபவற்றை விதைக்கும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. பைரித்ரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. அயல் செடியின் மகரந்தம் வந்து சேராத பூக்களில் உமி போன்ற வெற்று விதைகளே மிஞ்சும். அத்தகைய விதைக் குவியலுக்கு எந்த வளர்ச்சி ஊக்கியும் உயிர் தராது.

விதை உயிருடன் உள்ளதா என்பதை அறிய டெட்ரசோலியம் சோதனை இருக்கிறது. 1940-களில் ஜெர்மனியில் கியோர்க் லாக்கோன் உருவாக்கிய முறை இது. நிறமற்ற டெட்ரசோலியம் உப்புக் கரைசலில் பிளந்த விதையை வைத்தால், சுவாசிக்கும் திசுக்கள் சிவப்பாகும். இறந்த திசுக்கள் நிறம் கொள்ளா. இந்த வசதி இல்லாத பள்ளியிலும் கத்தி உண்டு. சோதனை முடிந்தபின் முளைக்காத விதைகளைப் பிளந்து, 'வெற்று, அழுகியது, கெட்டியாக இருப்பது' என மூன்றாகப் பிரித்து எழுதினாலே அட்டவணையின் மதிப்பு பன்மடங்கு உயரும்.

எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி?

உயிருள்ள விதை, நீரும் காற்றும் தகுந்த வெப்பமும் கிடைத்தும் முளைக்காமல் இருப்பதையே உறக்கம் என்கிறோம். ருஷ்ய ஆய்வாளர் நிக்கோலாயேவா வகுத்த முறையை ஒட்டி, அமெரிக்காவின் கென்டகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் பாஸ்கினும் ஜெரி பாஸ்கினும் உறக்கத்தை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். முளைக்கருவின் உள்ளியல்பால் வருவது ஒன்று. முளைக்கரு முழு வளர்ச்சி அடையாததால் வருவது ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்தது ஒன்று. நீர் புகாத விதையுறையால் வருவது ஒன்று. அவ்வுறைத் தடையோடு உள்ளியல்புத் தடையும் சேர்ந்தது மற்றொன்று. 1998-இல் வெளிவந்து, 2014-இல் மறுபதிப்புக் கண்ட அவர்களது பெருநூல் இத்துறைக்கு அடிப்படை.

இவ்வகைப்பாட்டைப் பார்க்காமலே எல்லா மருந்தையும் எல்லா விதைக்கும் கொடுத்துப் பார்ப்பது நம் கட்டுரைகளில் காணும் பெருங்குறை. நிலவாகை, பூனைக்காலி, குன்றிமணி போன்றவற்றின் விதையுறை கடினமானது; நீரை எளிதில் உள்ளே விடாது. நீரே புகாத விதைக்குள் ஜிப்பெரெல்லிக் அமிலம் எவ்வாறு புகும்? உறையை உராய்ந்து சிறிது பழுதாக்கினால் போதும். சென்னா என்று வணிகத்தில் வழங்கும் திருநெல்வேலி நிலவாகையின் விதையைப் பருமணலோடு கலந்து இலேசாகக் குத்தி விதைக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. வேதியியல் இல்லாமலே சரியான பூட்டுக்குச் சரியான சாவியைப் போட்ட செயல் அது.

இதற்குப் பதிலாக அடர் கந்தக அமிலத்தில் இத்தனை நிமிடம் என்று பரிந்துரைக்கும் வெளியீடுகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இது ஏற்கத்தக்க முறையே. ஆனால் உறையின் தடிப்பு விதைக்கு விதை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்ற ஆண்டின் விதைக்குப் பொருந்திய நேரம் இவ்வாண்டின் விதையைச் சுட்டுவிடலாம். மேலும் அடர் அமிலம் கையையும் கண்ணையும் கெடுக்கும். அமிலத்தைச் சிறிது சிறிதாக நீரில் விட வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது என்ற எச்சரிக்கை கூட இல்லாமல் ஓர் அமில முறையை உழவர் கைக்குக் கொடுப்பது பொறுப்பான செயலாகாது.

ஒளியும் ஒரு சாவியே. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் லெட்டூஸ் கீரை விதையை ஆராய்ந்தனர். சிவப்பு ஒளி பட்டால் அது முளைத்தது. பின்னர்த் தொலைசிவப்பு ஒளி பட்டால் முளைப்பு நின்றது. மீண்டும் சிவப்பு ஒளி பட்டால் மீண்டும் முளைத்தது. பொடி விதைகள் பலவற்றுக்கு இவ்வாறு ஒளி தேவைப்படும். அவற்றில் சேமித்த உணவும் குறைவு. ஆழத்திலிருந்து மேலே வரத் திராணி இராது. இத்தகைய விதையை மண்ணில் ஆழப் புதைத்துவிட்டு 'முளைப்புத்திறன் குறைவு' என்று எழுதினால், குறை விதையுடையதன்று.

எத்தனை விதையை எண்ணினார்கள்?

25 விதைகளில் 14 முளைத்தன. ஊறவைத்த 25 விதைகளில் 17 முளைத்தன. இதை 56 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடு என்று எழுதலாம். 'முளைப்பு 21 விழுக்காடு உயர்ந்தது' என்றும் எழுதலாம். கணக்கு தவறன்று. ஆனால் உண்மையில் கூடுதலாக முளைத்தவை மூன்றே விதைகள். அடுத்த முறை அதே சோதனையைச் செய்தால் இந்த மூன்றும் எதிர்ப்பக்கம் போய்விடலாம்.

மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 விதைகளில் 12 முளைத்தால் அது 60 விழுக்காடு. ஆனால் அந்தக் குவியலின் மெய்யான முளைப்புத்திறன் ஏறத்தாழ 36-க்கும் 81-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். 400 விதைகளில் 240 முளைத்தாலும் அதே 60 விழுக்காடுதான். ஆனால் இப்போது மெய்யான மதிப்பு சுமார் 55-க்கும் 65-க்கும் இடையில் அடங்குகிறது. பன்னாட்டு விதிகள் 400 விதைகளைக் கேட்பது வீண் கெடுபிடிக்காக அன்று.

அரிய காட்டுச் செடிக்கு 400 விதை எளிதில் கிடைக்காது என்பது மெய்யே. அப்போது குறைந்த விதையைக் கொண்டு செய்யலாம். ஆனால் முடிவையும் அதற்கேற்ற அடக்கத்தோடு கூற வேண்டும். ஒரே மரத்தின் விதையா, பல இடங்களில் திரட்டிய விதையா என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரு மரத்தின் விதையில் கண்டது அந்த மரத்தைப் பற்றிய செய்தியே. அந்த இனத்தைப் பற்றியதன்று.

வேம்பின் வழக்கு

இக்குறைகள் எல்லாம் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு வேப்பம் விதையே சான்று. வேம்பின் பூச்சிக்கொல்லிப் பொருளான அசாடிராக்டினை 1968-இல் பட்டர்வொர்த்தும் மார்கனும் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு அமைப்பு ஐயமற விளங்கியது 1985-இல். கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் 22 ஆண்டுகள் உழைத்து 2007-இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். எனினும் அது தொழிற்சாலைக்கு ஏற்ற வழியன்று. வேப்பங்கொட்டையே இன்றும் மூலப்பொருள். மரம் வேண்டும், மரத்துக்கு விதை வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம் பழத்தின் விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பது நாற்றங்கால் வைப்போர் எல்லாரும் அறிந்தது. விதைகளை உலர்த்திச் சேமிக்கத் தக்கவை, தகாதவை என்று ராபர்ட்ஸ் 1973-இல் பிரித்தார். 1990-இல் எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் ஆகியோர் இவற்றுக்கு இடைப்பட்ட மூன்றாம் வகையையும் சேர்த்தனர். வேம்பு எந்த வகை? வியப்பு என்னவென்றால், ஆய்வுக் கட்டுரைகள் மூன்று விடைகளையும் கூறின!

ஒரே மரம் மூன்று இயல்பு கொண்டிருக்குமா? மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோ நாட்டைச் சேர்ந்த மொக்தார் சகாண்டே, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து 1990-களில் இச்சிக்கலை ஆராய்ந்தார். பழம் எந்நிலையில் பறிக்கப்பட்டது, விதை எவ்வளவு உலர்ந்தது, எந்த வெப்பத்தில் வைக்கப்பட்டது என்பவை எல்லாம் முடிவை மாற்றின. ஈரமான வேப்பம் விதையைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் குளிரே அதைக் கெடுக்கிறது. நன்கு உலர்ந்த விதையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால், நீர் விரைந்து புகும்போது செல் சவ்வுகள் சிதைகின்றன. 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீர் ஊட்டினால் அதே விதை பிழைக்கிறது. அதாவது, 'உலர்த்தியதால் விதை இறந்தது' என்று எழுதப்பட்டவற்றுள் சில, உண்மையில் சோதனையின் முதல் நாளில் நீர் ஊட்டிய முறையால் இறந்தவையாக இருக்கலாம்.

விதை நேர்த்தி பற்றிய நம் கட்டுரைகளில் 'விதைகள் உள்ளூரில் சேகரிக்கப்பட்டன' என்ற ஒரே வரியோடு இச்செய்திகள் முடிந்துவிடுகின்றன. எப்போது, எந்த நிறப் பழத்திலிருந்து, எத்தனை நாள் உலர்த்தி, எத்தனை விழுக்காடு ஈரத்தில் என்பவை இல்லாத கட்டுரையை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. திரும்பச் செய்ய முடியாதது அறிவியல் ஆகாது.

நாற்று வளர்ந்தால் மருந்து வளருமா?

தட்டில் முளைத்த விதை பாத்திக்குப் போக வேண்டும். அங்கே நாற்றழுகல் நோய் உண்டு, எறும்பு உண்டு, வெயில் உண்டு. ஒரு முறையில் 85 விதை முளைத்து 40 நாற்றுப் பிழைத்தன என்றும், வேறொரு முறையில் 65 முளைத்து 52 பிழைத்தன என்றும் கொள்வோம். தட்டோடு நிறுத்திய கட்டுரை முதல் முறைக்கே பரிசு தரும். உழவருக்கு வேண்டியதோ இரண்டாம் முறை.

முளைக்கும் வேகமும் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு 80 முளைத்த இரு தொகுதிகளில் ஒன்று பத்து நாளில் முளைத்து முடியலாம். மற்றொன்று நாற்பது நாள் வரை இழுக்கலாம். இறுதி விழுக்காடு ஒன்றே. நாற்றங்காலில் கிடைக்கும் பயன் ஒன்றன்று. நாள்தோறும் எண்ணிய கணக்கு வெளியிடப்பட்டால் மட்டுமே இது தெரியும்.

மருந்துச் செடியில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. அமுக்கராவில் நாம் விற்பது வேரை. அதன் மதிப்பு வித்தனோலைடு என்னும் பொருள்களில் இருக்கிறது. நாற்று ஐந்து அங்குலம் கூடுதலாக வளர்ந்தது என்பதால் வேரில் மருந்துப் பொருள் கூடும் என்று எண்ண இடமில்லை. அதைத் தனியே அளந்தாக வேண்டும். செங்காந்தளிலோ நிலைமை வேறு. கால்ச்சிசின் தரும் விதைக்காகத் தமிழ்நாட்டில் பயிராகும் இச்செடியை உழவர் கிழங்கிலிருந்தே வளர்க்கின்றனர். விதையிலிருந்து வந்த செடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆதலால் செங்காந்தள் விதையின் முளைப்பை உயர்த்துவது இவ்வாண்டு பயிரிடுபவருக்கு உதவாது. ஆனால் காட்டுக் கிழங்கைத் தோண்டுவதை நிறுத்த, நெடுநோக்கில் அதுவே வழி. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வதும் ஆய்வாளர் கடமை.

இக்கட்டுரைகளுக்கு உரிய பாராட்டையும் தந்தாக வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் உள்ள விதை ஆய்வு வசதி மூலிகைகளுக்கு இல்லை. சிறு கல்லூரிகளில், குறைந்த பணத்தில், ஆசிரியரும் மாணவரும் கூடிச் செய்த வேலையே இவற்றுள் பெரும்பகுதி. யாரும் தொட்டுப் பாராத பல செடிகளைப் பற்றி நமக்குத் தெரிந்த முதற் செய்தியே இவற்றால் வந்தது. நாம் சுட்டிய குறைகளைப் போக்கப் பெரும் பணம் தேவையில்லை. நீரில் ஊறிய ஒப்புத் தொகுதி ஒன்று, முளைக்காத விதையைப் பிளக்க ஒரு கத்தி, நாள்தோறும் எழுத ஒரு குறிப்பேடு, தட்டிலிருந்து பாத்திக்கு மாற்றி மேலும் அறுபது நாள் எண்ணும் பொறுமை ஆகியவை போதும்.

மாணவ நண்பர்கள் அடுத்த ஆடியில் ஒரு வேப்பமரத்தடியில் தொடங்கலாம். மஞ்சள் நிறம் கொண்ட பழத்தைப் பறித்து, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, வாரத்துக்கு ஒரு முறை நூறு விதையை விதைத்து வாருங்கள். எத்தனை முளைத்தன என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, இரண்டு மாதம் கழித்து எத்தனை நாற்று நின்றன என்று எழுத இன்னொரு கட்டம் விட்டுவையுங்கள். நமது அட்டவணைகளில் பெரும்பாலும் இல்லாத கட்டம் அது ஒன்றே.